அண்ட உயிர் ஆராய்ச்சி நிலையத்தின் நான்காம் ஆண்டு

சிராங்கூன் சாலையிலிருந்த ஒரு தமிழ் அச்சகத்தில் பதினெட்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர் சேதுபதி. 1958ஆம் ஆண்டு அந்த அச்சகம் மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. ஓவன் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் மனைவி பாக்கியலட்சுமியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். ஒற்றுப்பிழை கண்டுபிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. இந்த நிலையில்தான் தொம்சன் சாலைப் பக்கம் புதிதாகத் தொடங்கியிருந்த அண்ட உயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு வரலாற்று எழுத்தர் தேவை என்ற விளம்பரம் அவர் கண்ணில் பட்டது.

நேர்காணல் செய்தவர் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் அம்பிகைபாகன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதில் டாக்டர் என்று நிலையத்தில் யாரும் கேட்டதில்லை.

"உயிர் எண்டால் என்ன? சொல்லும் பாப்பம்."

"தெரியலீங்க ஐயா."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "நல்லது. உமக்கு முந்தி வந்த நாலு பேரும் தெரியும் எண்டவை. தெரிஞ்ச ஆக்களை வச்சு ஆராய்ச்சி செய்யேலாது. நாளைக்கே வாரும்."

நிலையத்தைத் தோற்றுவித்தவர் ஒரு ரப்பர் தோட்டக்காரர். ரஷ்யர்கள் விட்ட செயற்கைக்கோள் தன் வீட்டுக் கூரைக்கு மேல் போவதை அவர் சாகும் தறுவாயில் பார்த்தாராம். உடனே உயில் எழுதிவிட்டார். அவருடைய பங்களாவும் அதைச் சுற்றியிருந்த நிலமும், பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று ஆராய்வதற்கு. உயில் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டப்பட்டிருந்தது. அதன் இரண்டாம் பத்தியின் மேல் ஒரு நாட்காட்டி தொங்கியது. முதல் வாரத்திலேயே, பழக்கதோஷத்தில், சேதுபதி நாட்காட்டியைத் தூக்கிப் படித்துப் பார்த்தார். வெளியே உயிர் இருப்பது உறுதியாகும் நாளில் நிலையம் கலைக்கப்பட வேண்டும். வீடும் நிலமும் ஓர் அநாதை இல்லத்துக்குப் போய்ச்சேர வேண்டும். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நாட்காட்டியைப் பழையபடி தொங்கவிட்டார்.

ஆண்டுக்கு ஒரு தொகுதி நிலைய வரலாறு எழுதுவது அவர் வேலை. முதல் தொகுதிக்கு உட்கார்ந்தபோது நிலையத்துக்கு வயது ஏழு மாதம்.

"முன்னூறு பக்கம் வேணும்" என்றார் இயக்குநர்.

"ஏழு மாசத்துல ஒன்னும் நடக்கலீங்களே ஐயா."

"அண்டம் தோன்றினதிலை இருந்து தொடங்கும்."

சேதுபதி அங்கிருந்து தொடங்கினார். டாக்டர் அம்பிகைபாகனின் பிறப்பு இருநூற்று எண்பதாம் பக்கத்தில் வந்தது. இரண்டாம் தொகுதியில் கூரை ஒழுகியதும் சரிசெய்யப்பட்டதும் இடம்பெற்றன. மூன்றாம் தொகுதி முழுவதும், உயிர் என்றால் என்ன என்பதை வரையறுக்க அமைக்கப்பட்ட குழுவின் நாற்பத்தொரு கூட்டங்களைப் பற்றியது. குழு, 'என்ன' என்ற சொல்வரை உடன்பாட்டுக்கு வந்திருந்தது.

உண்மையில் வேலை நடந்த இடம் பின்கட்டில் இருந்த கேட்பு அறை. வானை நோக்கி மேட்டில் நட்டிருந்த பெரிய கம்பிவலையிலிருந்து வரும் ஒலியைக் காதில் மாட்டிய கருவி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையில் இருந்தவள் பூவம்மா. இருபத்தாறு வயது. முன்பு தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவள். நாற்பது பேர் பேசும் இரைச்சலில் ஒரு பெருமூச்சைத் தனியாகக் கேட்கக்கூடியவள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை கேட்பாள். நடுவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை அரை நாள். ஞாயிறு விடுமுறை. அண்டத்துக்கும் இந்த நேர அட்டவணை அனுப்பப்பட்டிருப்பதுபோல எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

மாலையில் அவள் ஒரு படிவத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். 'இன்று ஒன்றும் கேட்கவில்லை' என்ற வாசகம் அதில் முன்பே அச்சாகியிருந்தது. பத்து ஆண்டுக்குத் தேவையான படிவங்கள் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன.

நிறுவனர் நாளில் இயக்குநர் பேசினார்: "அவசரப்பட்டுக் கேட்கிறவன் ஆராய்ச்சியாளன் அல்லன். ஒன்றும் கேளாமல் இருபது ஆண்டுகள் இருக்கும் நிலையத்தைத்தான் உலகம் மதிக்கும்." எல்லாரும் கைதட்டினார்கள். பூவம்மாவும் தட்டினாள்.

1961 மார்ச் மாதம், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அவள் தன் தூக்குச்சட்டியைத் திறக்காமலேயே சேதுபதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரெண்டு வாரமா ஒரு சத்தம் கேக்குது. மூணு தட்டு. கொஞ்சம் இடைவெளி. திரும்ப மூணு தட்டு. கால் மணி நேரம் இருக்கும், அப்புறம் நின்னுருது."

"பக்கத்துல எதாச்சும் மோட்டார் ஓடும் லா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மோட்டாருன்னா தெனம் ஒரே நேரத்துக்கு ஓடும். இது ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முன்னாடி வருது. மொத நாளு பதினொன்னே முக்காலுக்கு வந்துச்சு. இன்னிக்குப் பத்து அம்பத்து மூணு. நம்ம லைப்ரரி புக்குல பாத்தேன் அண்ணே. நாளுக்கு நாலு நிமிஷம் முன்னாடி வர்றது நட்சத்திரம் மட்டுந்தான்."

வெளியே நல்ல வெயில். சேதுபதி அக்கம்பக்கம் பார்த்தார். "எழுதிடாத, பூவம்மா" என்றார்.

"கேட்டேன்லா. கேக்கலன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அன்று மாலை அவள் படிவத்தில் அச்சாகியிருந்த வாசகத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதினாள்.

மறுநாள் காலை இயக்குநர் அவளை அழைத்தார். குறிப்பெடுக்கச் சேதுபதியும் போனார்.

"சார், பத்து நாப்பத்தொம்பதுக்கு வரும். நீங்களே வந்து கேட்டுப் பாருங்க" என்றாள் பூவம்மா.

"நான் கேக்கமாட்டன். நான் கேட்டால் நிலையம் கேட்ட மாதிரி." அவர் பார்வை முன்கூடத்து நாட்காட்டிப் பக்கம் போய்த் திரும்பியது. "நீர் எழுதினது உண்மையோ, பொய்யோ?"

"உண்மை சார்."

"சேதுபதி, ஒழுங்கு விதி முப்பத்தொண்டை வாசியும்."

சேதுபதி வாசித்தார்: "வெளி உயிருடன் தொடர்பு கொண்டவர் எவராயினும், அத்தொடர்பின் தன்மை தெளியும்வரை தனித்து வைத்துக் கண்காணிக்கப்படுவார்."

"பொய் எண்டு ஒரு வரி எழுதித் தந்தால் இப்பவே கேட்பு அறைக்குப் போகலாம்" என்றார் இயக்குநர். "உண்மை எண்டால், மேல்மாடி."

பூவம்மா யோசித்தாள். "அப்போ சத்தம் வந்துச்சுன்னு நீங்க ஒத்துக்கறீங்களா சார்?"

"அதெப்பிடி? சத்தம் வந்ததோ எண்டதை நிலையம் இன்னும் முடிவு செய்யேல்லை. அதைக் கேட்ட ஆள் ஆபத்து எண்டதை மட்டும் முடிவு செய்திருக்கு."

இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும் என்று பூவம்மா நினைத்தாள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு மாலை போட்டுப் புகைப்படம் எடுத்தார்கள். நான்காம் தொகுதியின் முதல் வாக்கியத்தை இயக்குநரே சொல்லி எழுதவைத்தார்: 'இவ்வாண்டு பூவம்மா பணியாளர் நிலையிலிருந்து ஆய்வுப் பொருள் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.'

மேல்மாடியில், தோட்டக்காரர் காலத்தில் துணிமணிகள் வைத்திருந்த அறை அது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட ஒரு சன்னல். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கண்காணிப்புக் குறிப்பு ஒரே கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் சாவி சேதுபதியிடம் கொடுக்கப்பட்டது. வாசல் காவலுக்கு இருந்த ஜாகா முகைதீன் மாடிப்படிவரை சாப்பாட்டைக் கொண்டுவருவார். அதற்கு மேல் சேதுபதி.

முதல் குறிப்பு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'பூவம்மா காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார்' என்று அவர் எழுதியிருந்தார். பூவம்மா என்பதும் சாப்பிட்டார் என்பதும் அடிக்கப்பட்டு, 'அது உண்டது' என்று திருத்தப்பட்டிருந்தது. பதினெட்டு ஆண்டு மெய்ப்புத் திருத்திய மனிதரால் இதைப் பொறுக்க முடியவில்லை. நேராக இயக்குநரிடம் போனார்.

"ஐயா, மனுஷங்கன்னா உயர்திணைங்க. உண்டார். இல்லாட்டி உண்டாள்."

"அவ இப்ப என்ன?"

"ஆய்வுப் பொருளுங்க."

"பொருள் எந்தத் திணை?"

சேதுபதி குறிப்பிலிருந்த சிவப்பு மையைப் பார்த்தார்.

"சொல்லும்."

"அஃறிணைங்க."

"இலக்கணம் படிச்சது நீர். அதை மீறச் சொல்லி நான் கேக்கேல்லை. பின்பற்றத்தான் சொல்லுறன்."

சேதுபதி பின்பற்றினார். 'அது இரண்டு இட்லி உண்டது. அது சன்னலருகே நின்றது. அது தன் அக்காளைப் பற்றி மூன்று முறை கேட்டது.' முதல் வாரம் ஒவ்வொரு வினைமுற்றிலும் பேனா நின்றது. ஊரில் பிள்ளைகளைச் செல்லமாக 'அது' என்று சொல்வதில்லையா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்றாம் வாரம் பேனா நிற்கவில்லை. ஒரு நாள் குறிப்பில் திருத்தம் ஒன்றும் இல்லாமல் 'நன்று' என்று மட்டும் இயக்குநர் எழுதியிருந்தபோது, சேதுபதிக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி ஓடி மறைந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பூவம்மாவின் அக்காள் தங்கம், ஜாலான் புசாரில் ஒரு தையற்கடையில் வேலை பார்ப்பவள், வாசலுக்கு வந்தாள். இயக்குநர் அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"பூவம்மா எண்ட பேரிலை இஞ்சை ஒரு பணியாளரும் இல்லை, பிள்ளை."

"அவ துணியெல்லாம் மேல காயுதே சார். அந்தப் பச்சை தாவணி நான் தச்சது லா."

"பணியாளர் இல்லை எண்டுதான் சொன்னனான்."

தங்கம் போலீசுக்குப் போனாள். இரண்டு பேர் வந்தார்கள். பூவம்மாவின் கையெழுத்தைப் பார்த்தார்கள். அது அவள் கையெழுத்துத்தான். மாலையோடு எடுத்த புகைப்படத்தையும் பார்த்தார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வந்துபோனதை நான்காம் தொகுதியில் 'அரசாங்கத்தின் ஆர்வம்' என்ற தலைப்பில் சேதுபதி எழுதினார்.

மூன்று மாதம் ஆயிற்று. கேட்பு அறை பூட்டிக் கிடந்தது. 'இன்று ஒன்றும் கேட்கவில்லை' படிவத்தில் இயக்குநரே கையெழுத்திட்டார். முன்னைவிட இப்போது அது உண்மை. பூவம்மா இளைத்துப்போனாள். கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சேதுபதி பூட்டிவிட்டுப் போகும்போது பின்னால் அவள் தட்டும் சத்தம் கேட்கும். அவர் நிற்பதில்லை.

ஜூன் மாதம் ஒரு பிற்பகல், தட்டை எடுக்கப் போனவரிடம் அவள் திடீரென்று சொன்னாள்: "அண்ணே, அது என்ன சத்தம்னு தெரிஞ்சு போச்சு."

"எது?"

"நான் காதுல கேட்டது. யாரோ உள்ளேருந்து கதவத் தட்டுறாங்க. நானும் அப்படித்தானே தட்டுறேன். மூணு தட்டு தட்டிட்டு, யாராச்சும் வர்றாங்களான்னு காது குடுத்துக் கேப்பேன். வரலன்னா திரும்ப மூணு தட்டு. அங்கயும் எவனோ யாரையோ பூட்டி வச்சிருக்கான் அண்ணே. அந்தச் சத்தத்த இப்ப கேக்கறதுக்கும் ஆளில்ல."

குறிப்புப் படிவத்தில் 'அது ஏதேனும் கூறியதா?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'குறிப்பிடத்தக்கதாக ஒன்றுமில்லை' என்று சேதுபதி எழுதினார். எழுதி முடித்த பிறகு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கியலட்சுமி கேட்டுக்கேட்டு விஷயத்தை வாங்கினாள். மூன்று மாதக் கதையையும் சொல்லி முடித்தபோது அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

"கதவு யாரு பூட்டுறா?"

"டைரக்டர் உத்தரவு."

"அவரா மாடிக்கு வந்து பூட்டுறாரு?"

"அவரு மாடிக்கே வரமாட்டாரு."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

சேதுபதி சட்டைப்பையைத் தொட்டார்.

"அப்ப பூட்டுறது நீங்கதான்" என்றாள் பாக்கியலட்சுமி.

"நாலு புள்ளைங்க இருக்கு. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. வேற எவன் வேல குடுப்பான்?"

"நான் ஒன்னும் சொல்லலயே. யாரு பூட்டுறாங்கன்னு கேட்டேன், அவ்வளவுதான்." மீண்டும் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நிலையத்தில் ஒரே பரபரப்பு. அதற்கடுத்த நாள், தோட்டக்காரரின் உயிலை நிறைவேற்றும் அறங்காவலர்கள் ஆய்வுப் பொருளை நேரில் பார்க்க வருகிறார்கள். படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் முன்கூடத்தில் வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்: "இந்த நிலையம் உயிரைத் தேடியது, இன்று அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறது." சேதுபதி அவரைக் கடந்து மாடிக்குப் போனார். பூட்டைத் திறந்தார்.

"வெளிய வா, பூவம்மா."

அவள் நகரவில்லை. "இன்னிக்கு ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?"

"எழுதப்போறதில்ல. எந்திரி."

பின்பக்கப் படி வழியாக இறங்கினார்கள். வாசலில் முகைதீன் இருவரையும் பார்த்தார். பிறகு மேலே வானத்தைப் பார்த்தார். "காத்து பலமா அடிக்குது லா. கேட்டு தானா தெறந்துக்குது" என்று சொல்லியபடியே கதவின் கொண்டியை நீக்கினார். பஸ் வரும்வரை சேதுபதி அவளோடு நின்றார். அவள் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அப்படியே போயிருக்கலாம். ஆனால் சட்டைப்பையில் சாவி இருந்தது. அது நிலையத்தின் சொத்து. ஒப்படைக்கத் திரும்பிப் போனார்.

இயக்குநர் சத்தம் போடவில்லை. அதுதான் சேதுபதிக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு அறங்காவலர் வருகினம். அறை வெறுமையா இருக்கேலாது." அவர் சேதுபதியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், கட்டிலுக்கு நீளம் போதுமா என்று பார்ப்பதுபோல. "நீர் மூண்டு மாசமா அவவோடை கதைச்சிருக்கிறீர். தொடர்பு கொண்டவரோடை தொடர்பு. விதி முப்பத்தொண்டு உமக்கும் பொருந்தும். இதிலை ஒரு கையெழுத்துப் போடும்."

நீட்டிய பேனாவைச் சேதுபதி வாங்கியேவிட்டார். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிய கை. தாளின் தலைப்பில் 'பதவி உயர்வு' என்று இருந்தது. தாளில் ஒற்றுப்பிழை ஏதும் உண்டா என்று கண் தானாகத் தேடியது. அப்போதுதான் அவர் தன்னை நினைத்துப் பதறினார். பேனாவையும் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். வாசல்வரை நடந்தார். அதற்கப்பால் ஓடினார்.

பூவம்மா ஜாலான் புசாரில் அக்காளோடு தைக்கப் போனாள் என்று பிறகு தெரிந்தது. தொலைபேசி இணைப்பகத்தில் மீண்டும் கூப்பிட்டார்களாம், அவள் போகவில்லை. சேதுபதிக்கும் நாட்காட்டி அச்சடிக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதி. நல்லநேரம், இராகுகாலம் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நின்ற முகைதீனைச் சந்தித்தார்.

"அறங்காவலருங்க வந்தாங்களா பாய்?"

"வந்தாங்க. நீங்க போனதும் அவரு வேற ஆளு தேடினாரு. என்னைக் கேட்டாரு. எனக்கு மூச்சுமுட்டல், அடைச்சு வச்சா செத்துருவேன்னுட்டேன். விடிஞ்சா கார் வந்து நிக்குது. அறை காலி. அவரே போய் உள்ள உக்காந்துட்டாரு. வெளிய பூட்டுன்னாரு. பூட்டினேன்."

"யாரு, டைரக்டரா?"

"வந்தவங்களுக்கு ரொம்பத் திருப்தி. கேள்வி கேட்டா நல்லா வெளக்கமா பதில் சொல்லுதுன்னு எழுதிக்கிட்டாங்க. நிலையத்தை இன்னும் இருபது வருஷம் நடத்தச் சொல்லிட்டாங்க."

"அவங்க போனதும் தெறந்துவிட வேண்டியதுதானே?"

"தெறக்கறதுக்கு டைரக்டர் கையெழுத்து வேணும் லா."

"அவரே போடலாமே."

"நானும் சொன்னேன். ஆய்வுப் பொருளுக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லைன்னு சொல்லிட்டாரு."

சேதுபதி வாங்கிய காய்கறியைக் கீழே வைத்தார். ஏன் போனார் என்பது பின்னால் பலமுறை யோசித்தும் அவருக்கே பிடிபடவில்லை; ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தொம்சன் சாலைக்குப் பஸ் ஏறினார். நிலையம் விடுமுறை. முகைதீன் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார்.

டாக்டர் அம்பிகைபாகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மடியில் கண்காணிப்புக் குறிப்புகள். கையில் சிவப்புப் பேனா.

"ஐயா, வெளிய வாங்க. இன்னிக்கு யாரும் இல்ல."

"ஞாயிற்றுக்கிழமை கண்காணிப்பு இல்லை" என்றார் அவர், நிமிராமலே. "நீர் வந்தது ஒழுங்கில்லை."

"உங்க வீட்டுல தேடமாட்டாங்களா?"

"தம்பி வந்தவனாம். அந்தப் பேரிலை இஞ்சை ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லி அனுப்பினவை. சரியாத்தான் சொல்லியிருக்கினம்." ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இதைப் பாரும் சேதுபதி. உம்மடை இடத்துக்கு வந்த பெடியனுக்கு இலக்கணம் போதாது. 'அவர் உண்டார்' எண்டு எழுதியிருக்கிறான். நான் திருத்திப்போட்டன்."

சேதுபதி குனிந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். கை எலும்பாக இருந்தது. இயக்குநர் மெதுவாக, கோபமில்லாமல், அதை விடுவித்துக்கொண்டார். கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டுச் சேதுபதி படியிறங்கினார். பாதிப் படியில் இருந்தபோது மேலே நாற்காலி நகர்ந்தது. காலடிகள் கதவுவரை வந்தன. சேதுபதி நின்றார். கதவு உள்ளேயிருந்து சாத்தப்பட்டது.

கீழே முகைதீன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, வருதா?"

"வர்றாரான்னு கேளுங்க பாய்."

முகைதீன் அவரை ஒரு கணம் பார்த்தார். "வர்றாரா?"

"வரல" என்றார் சேதுபதி.